கொடுத்தவர் களைத்தபோது: கட்டற்ற மென்பொருள் வரலாறு சொல்லும் பாடம்



2024ஆம் ஆண்டு ரமழான் மாதம், மார்ச் 29, வெள்ளிக்கிழமை. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் தராவீஹ் தொழுகை நடந்துகொண்டிருந்த இரவு வேளை. அமெரிக்காவில் அப்போது காலை. அங்கே ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், கணினிப் பாதுகாப்பு வல்லுநர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றுக்குக் கடிதம் அனுப்பினார். தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று ஐயுற்று, அவர் காரணத்தைத் தேடியிருந்தார். தேடலின் முடிவில் அவர் கண்டது ஒரு கள்ளக்கதவு. கோப்புகளைச் சுருக்குவதற்குப் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் சிறிய மென்பொருளுக்குள் யாரோ அதை மிக நுட்பமாக ஒளித்து வைத்திருந்தார்கள்.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் எக்ஸ்இசட் உண்டு. வங்கிகளும் மருத்துவமனைகளும் அரசு அலுவலகங்களும் நம்பியிருக்கும் சர்வர்களும் அவற்றில் அடக்கம். அந்தக் கள்ளக்கதவு சோதனைப் பதிப்புகளைத் தாண்டி, பரவலாகப் புழங்கும் நிலையான பதிப்புகளுக்குள் சென்றிருந்தால், அதன் திறவுகோலை வைத்திருந்தவர் எண்ணற்ற சர்வர்களுக்குள் விருப்பம்போல் நுழைந்திருக்க முடியும்.

கதவு எவ்வாறு அமைக்கப்பட்டது என்ற தொழில்நுட்ப விவரத்தைப் பலரும் எழுதிவிட்டனர். நம்மை உறுத்துவது வேறொரு கேள்வி. அந்தத் திருடர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. களைத்துப்போன ஒரு தன்னார்வலரின் அருகில் வந்து நின்று, உங்கள் சுமையில் பாதியை நான் தூக்கிக்கொள்கிறேன் என்ற தோரணையில் உள்ளே நுழைந்தார். அந்தத் தன்னார்வலர் ஏன் அத்தனை களைத்திருந்தார்? அவருடைய உழைப்பின் மீது நின்றுகொண்டிருந்த உலகம் அவருடைய களைப்பை ஏன் காணவில்லை? இதற்கு விடை தேட வேண்டுமானால் நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கொடையாகத் தொடங்கிய வரலாறு

1980ஆம் ஆண்டையொட்டிய காலம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பணியாற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்போருக்குக் கணினி வழியே தகவல் சொல்லும்படி அதன் நிரலை அவர் திருத்தி வைத்திருந்தார். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதற்கான மூலநிரல் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் மூலநிரலை வைத்திருந்த ஒருவரிடம் அவர் நேரில் சென்று கேட்டார். வெளியிட மாட்டேன் என்று தாம் ஒப்பந்தம் செய்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். ஓர் அண்டை வீட்டார் கேட்ட உதவியை மறுக்கும்படி மனிதனைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் நேர்மையானதாகுமா என்ற கேள்வி ஸ்டால்மனை விடவில்லை.

1983 செப்டம்பர் 27 அன்று குனூ திட்டத்தை அவர் அறிவித்தார். யாவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை கொண்ட ஒரு முழு இயங்குதளத்தை எழுதுவது அதன் நோக்கம். 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. பணியைத் துறந்து முழுமூச்சாக இறங்கினார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை உருவாயிற்று. 1989இல் குனூ பொது உரிமம் வெளிவந்தது. கொடுக்கப்பட்ட மென்பொருளைப் பின்வருவோர் எவரும் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த உரிமத்தின் உயிர்நாடி.

ஸ்டால்மனை இயக்கியது ஓர் அறநெறி. அடுத்து வந்த இளைஞரை இயக்கியது வேறொன்று. 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக இணையச் செய்திக்குழு ஒன்றில் தெரிவித்தார். அது வெறும் பொழுதுபோக்கு என்றும், பெரிதாக ஒன்றும் வளராது என்றும் அவர் நினைத்தார். அந்தப் பொழுதுபோக்கே லினக்ஸ். இன்று உலகின் மிக விரைவான மீக்கணினிகள் முதல் நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசி வரை அதன் கருநிரலே இயங்குகிறது.

செயலுக்கு முன் நிய்யத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு, இவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள் என்ற கேள்வி இயல்பாகவே எழும். ஆய்வாளர்களும் அதைக் கேட்டார்கள். கரீம் லக்கானி, ராபர்ட் உல்ஃப் ஆகிய இருவரும் 287 மென்பொருள் திட்டங்களைச் சேர்ந்த 684 பேரிடம் நடத்திய ஆய்வு 2005இல் நூலொன்றில் வெளியானது. பணமோ பதவி உயர்வோ அல்லாமல், படைக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியும் அறிவுக்குக் கிடைக்கும் தூண்டுதலுமே மிக வலுவான காரணங்களாக அதில் வெளிப்பட்டன. கற்றுக்கொள்ளும் ஆவல், சொந்தத் தேவை, பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கடமையுணர்வு ஆகியவையும் இருந்தன.

இவை யாவும் நல்ல காரணங்களே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை ஒருவரைப் பணிக்குள் அழைத்து வரும் காரணங்கள். பத்தாண்டுகள் கழித்து, படைக்கும் மகிழ்ச்சி தீர்ந்து, பழுது பார்க்கும் வேலை மட்டும் எஞ்சியிருக்கும்போது ஒருவரைத் தாங்கி நிறுத்துவது எது? அந்த ஆய்வு கேட்ட கேள்வி அதுவன்று. வரலாறுதான் அதைக் கேட்டது.

சோர்வுக்குப் பெயர் வைத்தவர்

உள்ளத்திலும் உடலிலும் எரிபொருள் தீர்ந்து போகும் இந்த நிலையை நாம் பணிச்சோர்வு என்கிறோம். அலுவலகச் சொல்லாக இன்று அறியப்படும் இதற்கு அறிவுலகில் முதலில் இடம் பெற்றுத் தந்த கட்டுரை, அலுவலகத்திலிருந்து பிறந்ததன்று. ஊதியமின்றிப் பணியாற்றியவர்களிடையே பிறந்தது.

ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து தப்பி, நியூயார்க்கில் உளவியலாளராக உயர்ந்தவர். பகலெல்லாம் தம் சொந்த மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தார். தம்முடன் தொண்டாற்றியோர் சில காலத்துக்குப் பின் மாறிப்போவதை அவர் கண்டார். தலைவலி, உறக்கமின்மை, எளிதில் சினம், எவரையும் நம்பாத கசப்பு. அதே அறிகுறிகளைத் தம்மிடமும் கண்டார். 1974இல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்நிலையை ஆராய்ந்தது. அதில் நம்மை நிறுத்தி வைக்கும் செய்தி ஒன்றுண்டு. எளிதில் எரிந்து போகிறவர்கள் சோம்பேறிகளல்லர். மிகுந்த ஈடுபாடும் அர்ப்பணிப்பும் கொண்டவர்களே.

பின்னர் 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக் தம் துணையாய்வாளருடன் சேர்ந்து இதனை அளக்கும் முறையை வகுத்தார். மூன்று அடையாளங்களை அது பார்க்கிறது: உணர்வுகள் வற்றிப்போதல், மனிதர்களை மனிதர்களாக எண்ணாமல் விலகிப்போதல், தான் செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுதல். இம்மூன்றையும் மனத்தில் கொண்டு மென்பொருள் வரலாற்றுக்குத் திரும்புவோம்.

சுமை பகிரப்பட்டபோது

1998 செப்டம்பர் இறுதி. லினக்ஸ் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்திருந்தது. உலகெங்கிலுமிருந்து வந்த திருத்தங்கள் யாவும் டோர்வால்ட்ஸ் என்னும் ஒரே மனிதரின் அஞ்சல் பெட்டியில் குவிந்தன. பல கடிதங்கள் கவனிக்கப்படாமலே போயின. அனுப்பியவர்கள் குறைபட்டார்கள், மீண்டும் மீண்டும் அனுப்பினார்கள். அவர் சினந்து பதில் எழுதிவிட்டு விடுப்பில் சென்றார். அப்போது உடனிருந்தோரில் சிலர் நிலைமையை உணர்ந்தார்கள். ஒருவர் தாங்கக்கூடிய எல்லையை வேலை கடந்துவிட்டது, இப்படியே விட்டால் இவர் வெந்துபோவார் என்று வெளிப்படையாகவே பேசினார்கள்.

அந்தப் பேச்சு வீண்போகவில்லை. கருநிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர்கள் வலுப்பெற்றனர். திருத்தங்கள் முதலில் அவர்களிடம் சென்று, சலிக்கப்பட்ட பின்பே அவரிடம் வந்தன. 2002 முதல் இதற்கென ஒரு தனியார் மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதை விலையின்றிப் பயன்படுத்தும் அனுமதி 2005இல் விலக்கப்பட்டபோது, டோர்வால்ட்ஸ் தாமே கிட் என்னும் கருவியை எழுதினார். இன்று உலகின் நிரலாளர்களில் மிகப் பெரும்பாலோர் கையாளும் கருவி அது. ஒரு மனிதரின் களைப்புக்கு மருந்து தேடியபோது தொடங்கிய பாதை அது என்பதைப் பலர் அறியார்.

டோர்வால்ட்ஸின் சுமை பகிரப்பட்டது. எனினும் அவருடைய கடுஞ்சொற்களால் காயப்பட்டு விலகியவர்களும் உண்டு. 2018 செப்டம்பரில் அவரே அதை ஒப்புக்கொண்டு, பொதுவில் மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். சோர்வு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. உடன் உழைப்பவரின் நாவிலிருந்தும் வரலாம் என்பதற்கு அது சான்று.

அதே ஆண்டு ஜூலை 12 அன்று பைத்தான் நிரல்மொழியைப் படைத்த கைடோ வான் ராசம், இறுதி முடிவெடுக்கும் தம் தலைமை நிலையிலிருந்து விலகினார். மொழியில் ஒரு சிறு புதுமையைச் சேர்ப்பது பற்றி நடந்த நெடிய கசப்பான வாக்குவாதம் அவரைக் களைப்படையச் செய்திருந்தது. தமக்குப் பின் யார் என்று அவர் அறிவிக்கவில்லை; நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார். அச்சமூகத்தினர் பல மாதங்கள் கலந்து பேசி, தேர்தலால் அமையும் ஐவர் குழுவை ஏற்படுத்தினார்கள். 2019இல் அமைந்த முதல் குழுவில் ஐவரில் ஒருவராக வான் ராசமும் இருந்தார். தனியாக நின்றபோது தாங்க முடியாத பணி, ஐவருடன் சேர்ந்தபோது மீண்டும் தாங்கக்கூடியதாயிற்று. மஷூராவின் பயனை நாம் நம் வழியில் அறிவோம். அவர்கள் தம் வழியில் கண்டறிந்தார்கள்.

எவரும் காணாதவர்கள்

லினக்ஸும் பைத்தானும் புகழ்பெற்றவை. அவற்றின் தலைவர்கள் சோர்ந்தால் உலகம் திரும்பிப் பார்க்கும். மென்பொருள் என்னும் மாளிகையின் அஸ்திவாரத்தில் கிடக்கும் கற்களை எவர் பார்ப்பார்?

இணையத்தில் நாம் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது நம் கடவுச்சொல்லைப் பிறர் படிக்காதபடி காக்கும் மென்பொருள்களுள் முதன்மையானது ஓப்பன்எஸ்எஸ்எல். 1998 முதல் அது வளர்ந்து வருகிறது. 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்று பெயரிடப்பட்ட கடும் பிழை அதில் இருப்பது அறிவிக்கப்பட்டது. சர்வரின் நினைவகத்திலிருந்து மறைபொருள்களைச் சிறிது சிறிதாக வெளியே கசியவிடும் பிழை அது. 2012இல் வெளியான பதிப்பிலிருந்தே, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக, அது எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. இணையத்தின் பாதுகாப்பான சர்வர்களில் சுமார் 17 விழுக்காடு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது மதிப்பிடப்பட்டது.

அதன் பின்னரே உலகம் அம்மென்பொருளை யார் பராமரிக்கிறார்கள் என்று விசாரித்தது. முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் கிடைத்த நேரத்தில் உதவிய ஒரு சிறு குழுவினர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். கோடிக்கணக்கில் ஈட்டிய நிறுவனங்கள் அந்த நிரலைத் தம் பொருள்களில் வைத்துக்கொண்டிருந்தன. அதை எழுதியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டவர் அரிது.

ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோக்கின் கதையும் இதுவே. மின்னஞ்சல்களை மறையாக்கம் செய்யும் ஜிஎன்யூபிஜி என்னும் மென்பொருளை 1997இல் அவர் எழுதத் தொடங்கினார். செய்தியாளர்களும் மனித உரிமைக்காகப் போராடுவோரும் தம் உயிரையே அதை நம்பி ஒப்படைத்திருந்தார்கள். அவரோ 2001 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 25,000 டாலர் வருவாயில் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தார். 2013இல் இதை விட்டுவிட்டு நிலையான வேலை ஒன்றைத் தேடிக்கொள்ளலாம் என்று எண்ணினார். அவ்வேளையில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட உளவுச் செய்திகள் அப்பணியின் இன்றியமையாமையை உணர்த்தவே, விலகாமல் தொடர்ந்தார். 2015 பிப்ரவரியில் அவருடைய நிலையைப் பற்றிய செய்தி ஒன்று வெளிவந்த பின் நன்கொடைகள் குவிந்தன. ஃபேஸ்புக்கும் ஸ்டிரைப்பும் ஆண்டுக்குத் தலா 50,000 டாலர் தருவதாக அறிவித்தன.

ஹார்ட்பிளீடுக்குப் பின் லினக்ஸ் அறக்கட்டளையும் ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றும் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1,00,000 டாலர் தர முன்வந்தன. நல்ல மாற்றம்தான். ஆயினும் அவ்வுதவி தீப்பற்றிய பின் வந்த நீர். எந்த வீடு எரிந்ததோ, எந்த வீட்டின் புகை செய்தித்தாளில் வந்ததோ, அதற்கே முதலில் கிடைத்தது. புகை வெளித்தெரியாமல் எரிந்துகொண்டிருந்த வீடுகள் வேறு இருந்தன.

எக்ஸ்இசட் வீட்டின் புகை

பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் அத்தகைய வீடொன்றில் இருந்தார். 2009 முதல் எக்ஸ்இசட் மென்பொருளை அவர் பராமரித்து வந்தார். எவரும் அதற்கு ஊதியம் தரவில்லை. 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். சிறுசிறு திருத்தங்களைப் பணிவுடன் அனுப்பினார். அவை பயனுள்ளவையாகவும் இருந்தன.

2022ஆம் ஆண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரை வேறு சில பெயர்களில் கடிதங்கள் வரத் தொடங்கின. திருத்தங்களைச் சேர்க்க ஏன் இத்தனை தாமதம் என்றன. உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு எவரிடமாவது பொறுப்பைக் கொடுங்கள் என்றன. ஜூன் 8 அன்று காலின் பதில் எழுதினார். ஆர்வம் போய்விடவில்லை, நீண்ட நாளாகத் தொடரும் மனநலச் சிக்கல்களாலும் பிற காரணங்களாலும் கவனம் செலுத்தும் வலிமை குறைந்துள்ளது, இது ஊதியமில்லாப் பொழுதுபோக்குப் பணி என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும் என்பது அப்பதிலின் சாரம்.

ஒரு மனிதர் தம் உள்ளக் காயத்தைப் பொதுவில் திறந்து காட்டிய தருணம் அது. அதற்குப் பின்னும் நெருக்கடிக் கடிதங்கள் நிற்கவில்லை. அவருக்கு ஆறுதலாகத் தோன்றியது ஜியா டானின் உதவி ஒன்றே. படிப்படியாகப் பொறுப்புகள் அந்தக் கைக்குப் போயின. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான இரு பதிப்புகளில் அக்கை கள்ளக்கதவை வைத்தது. ஜியா டான் என்ற பெயரும், நெருக்கிய பிற பெயர்களும் வேடங்களே என்பது ஆராய்ந்தோரின் முடிபு. வேடத்துக்குப் பின்னால் இருந்தவர் வெளிப்படவில்லை.

இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். அந்தப் போலிக் கடிதங்களை எவரும் ஐயுறவில்லை. ஏன்? நேர்மையான பயனர்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். பதிப்பு எப்போது வரும், ஏன் இன்னும் சரிசெய்யவில்லை, இயலாவிட்டால் விலகிக்கொள் என்பன தன்னார்வலர்கள் அன்றாடம் கேட்கும் சொற்கள். விலை கொடுக்காமல் பெற்ற பொருளுக்கு, விலை கொடுத்தவனைவிட அதிக உரிமை கோரும் குரல் அது. திருடர் அந்தக் குரலைக் கண்டுபிடிக்கவில்லை. நம்மிடமிருந்து கடன் வாங்கினார்.

ஐயத்துக்கும் தனிமைக்கும் நடுவே

இந்நிகழ்ச்சிக்குப் பின் எழுந்த முதல் குரல், புதிதாக வருவோர் எவரையும் நம்பாதீர்கள் என்பது. அதில் நியாயம் இல்லாமலில்லை. 2018இலும் இவ்வாறு நடந்ததுண்டு. ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்னும் நிரல் தொகுதியைத் தாம் பயன்படுத்துவதையே விட்டுவிட்ட ஒருவர், உதவ முன்வந்த அறிமுகமற்ற மனிதரிடம் அதை ஒப்படைத்தார். பெற்றுக்கொண்டவர் பிட்காயின் பணப்பையிலிருந்து திருடும் நிரலை அதில் கலந்தார்.

ஆயினும் ஐயம் மட்டுமே விடையானால், களைத்தவரின் தனிமை இன்னும் கூடும். உதவிக்கு வருபவன் திருடனாக இருக்கலாம் என்று அஞ்சி எவரையும் சேர்க்காதவர், முன்னிலும் விரைவில் வீழ்வார். களைப்பின் உச்சியில் இருப்பவரால் வருபவரின் அமானிதத்தைச் சோதித்துப் பார்க்க இயலாது. துணை அவருக்குக் களைப்பு வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அறிமுகமும் பழக்கமும் நம்பிக்கையும் நல்ல நாள்களில் வளர்ந்திருந்தால், கெட்ட நாளில் முன்பின் அறியாதவரின் கையைப் பற்ற வேண்டிய நிலை வராது.

அவ்வாறு வாழும் சமூகங்களும் உண்டு. 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் திட்டம் தன் தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறது. பல மென்பொருள் தொகுப்புகளை அங்கே தனியாள்கள் அல்லாமல் குழுக்கள் கவனிக்கின்றன. எவரும் மானக்குறைவின்றிப் பொறுப்பை இறக்கி வைக்க வழியுண்டு. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க், 1998இல் வெளியிட்ட கர்ல் என்னும் மென்பொருளை இன்றும் வழிநடத்துகிறார். இருபது ஆண்டுகள் ஓய்வு நேரத்தில் உழைத்த பின், 2019இல்தான் அதுவே அவருக்கு முழுநேரத் தொழிலாயிற்று. தம் கார் பழுதானதற்கு அவரிடம் விளக்கம் கேட்டு எழுதியவர்களும் உண்டு; காரின் உரிமக் குறிப்பில் அவருடைய பெயர் இருந்ததுதான் காரணம். கடும் மிரட்டலும் அவருக்கு வந்ததுண்டு. ஆயினும் அவரைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் பங்களித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் நிலைத்தார்.

ஜெர்மானிய அரசு 2022இல் இத்தகைய அஸ்திவார மென்பொருள்களுக்கென நிதியம் ஒன்றைத் தொடங்கியது. பாலங்களையும் சாலைகளையும்போல மென்பொருளும் பொதுச் சொத்து, அதைப் பராமரிப்பது பொதுக் கடமை என்ற எண்ணம் மெல்ல வேர்விடுகிறது. இருப்பினும் போக வேண்டிய தொலைவு அதிகம். டைட்லிஃப்ட் நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, பராமரிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் ஊதியமின்றி உழைப்பவர்கள். ஏறத்தாழ அதே விழுக்காட்டினர் பணியை விட்டுவிட்டவர்கள் அல்லது விட எண்ணியவர்கள்.

நம்மைப் பற்றியும்

இது எங்கோ நடக்கும் கதையன்று. நம் கைபேசியில் தமிழ் எழுத்தும் அரபு எழுத்தும் சிதையாமல் வடிவம் பெறுவதற்கு ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் துணைசெய்கிறது. ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இருப்பது அதுவே. கெய்ரோவின் பூலாக் அச்சகத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்த்த அழகிய நஸ்க் எழுத்துகளைக் கணினிக்கு மீட்டுத் தந்த அமீரி எழுத்துரு, யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இவற்றுக்காக நாம் எவருக்கும் ஒரு காசும் கொடுத்ததில்லை. அதில் குற்றமில்லை; கொடுத்தவர்கள் மனமுவந்தே கொடுத்தார்கள். பெற்றுக்கொண்ட பின் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே கேள்வி.

தொழுகை நேரம் காட்டும் இலவசச் செயலியில் ஏதோ பிழை நேர்ந்தது என்று சினந்து, ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, கடுஞ்சொல் ஒன்றையும் எழுதிவிட்டு நகர்ந்தவர் நம்மில் இல்லையா? நாமும் எழுதியிருக்கிறோம். அதை உருவாக்கியவர் பகல் வேலை முடிந்து, குழந்தைகள் உறங்கிய பின், யாருக்காகவோ விழித்திருந்து எழுதிய ஒருவராக இருக்கலாம் என்று அப்போது நமக்குத் தோன்றவில்லை.

பள்ளிவாசலின் கணக்கை இருபது ஆண்டுகளாகத் தனியாகப் பார்ப்பவர், ரமழானில் நோன்புக் கஞ்சிக்கு நாள்தோறும் விறகடுக்கும் பாத்திரமுமாக நிற்பவர், ஜனாஸா என்றால் நள்ளிரவிலும் அழைக்கப்படுபவர் என்று நம் மஹல்லாவிலும் அத்தகையோர் உண்டு. அவர்களுடைய நிய்யத் தூய்மையானது என்பதாலேயே அவர்களுக்குக் களைப்பு வராது என்று எண்ணிக்கொள்கிறோம். ஃபிராய்டன்பெர்கர் கண்டது இதற்கு நேர்மாறானது. தூய எண்ணம் கொண்டவர்களே முதலில் எரிகிறார்கள். போதும் என்று சொல்ல அவர்களுக்கு வெட்கம். போதும் என்று அவர்களிடம் சொல்ல நமக்கு மனமில்லை.

கைபேசிச் செயலியோ கஞ்சிப் பாத்திரமோ, எதுவாயினும் நாம் செய்யக்கூடியவை எளியவை. கேட்கும்போது பணிவாகக் கேட்கலாம். குறை சொல்லுமுன் ஒரு நன்றி சொல்லலாம். பணம் இருப்பவர் கொடுக்கலாம். திறமை இருப்பவர் ஒரு சிறு பகுதியையாவது நிலையாக ஏற்கலாம். ஒருவர் இனி இயலவில்லை என்று சொன்னால், ஏன் என்று விசாரணை நடத்தாமல், இத்தனை நாள் சுமந்ததற்கு நற்கூலி கிடைக்கட்டும் என்று சொல்லி வழிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் களைக்கும் முன்பே அவர் அருகில் சென்று அமரலாம்.

2022 ஜூன் மாதத்தில் பின்லாந்து மனிதர் ஒருவர் தம் களைப்பை எழுதியபோது, உலகில் அவருடைய மென்பொருளைப் பயன்படுத்தியோர் கணக்கற்றவர்கள். அவருக்கு உண்மையான துணை ஒருவர் கிடைத்திருந்தால், ஜியா டானுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. நம் அருகில் இன்று களைத்திருப்பவர் யார் என்று பார்க்கும் கண்ணை அல்லாஹ் நமக்குத் தருவானாக.